சாவி யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

(இம்முறை பதில் சொல்பவர், இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறுவர் நூலகம் நடத்திவரும் ஓய்வுபெற்ற நூலக உதவியாளர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் ‘லைப்ரரி டீச்சர்’. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

கேள்வி: டீச்சர், நான் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். நானும் நண்பர்களும் சேர்ந்து அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் கட்டிக்கொடுக்க நினைக்கிறோம். இங்குள்ள பாடசாலைகளும் நூலகங்களும் கழித்துவிட்ட ஆங்கிலப் புத்தகங்களை நிறையச் சேர்த்துவிட்டோம். கட்டடத்துக்கு அப்பாவின் பெயரை வைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: தம்பி, ஆசை நல்ல ஆசைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் கட்டடம் வந்துவிட்டது, புத்தகம் வந்துவிட்டது, அப்பாவின் பெயரும் வந்துவிட்டது. பின்னேரம் இரண்டரைக்கு வந்து பூட்டைத் திறக்கப்போகிற ஆள் மட்டும் வரவில்லை. முதலில் அவரைக் கண்டுபிடியுங்கள்.

மலையகத்தில் பூட்டிக் கிடக்கிற நூலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலில் கல்வெட்டு பளபளவென்று இருக்கும். உள்ளே கண்ணாடி அலுமாரி, அதற்குள் புத்தகங்கள், அலுமாரிக்கும் தனியாக ஒரு பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால் தலைவரிடம் என்பார்கள். தலைவர் ஹட்டனுக்குப் போயிருப்பார். அவர் வருவதற்குள் பிள்ளை வேறு விளையாட்டுக்குப் போய்விடும். அப்புறம் ஒரு நாளும் திரும்பி வராது.

ஆள் என்றால் யார்? அந்தத் தோட்டத்திலேயே உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பிள்ளை. அல்லது மத்தியானத்தோடு வேலை முடிகிற முன்பள்ளி ஆசிரியை. கதை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் சத்தம் போட்டால் முகம் சுளிக்கக் கூடாது. நூலகத்துறையில் சான்றிதழ் எல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் திறக்கும்படி இரண்டு பேராக வையுங்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், அதையும் மாதம் தவறாமல் கொடுங்கள். ‘தொண்டு’ என்று சொல்லி ஒரு வருடம் இழுக்கலாம். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை கொழும்பில் ஒரு கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்விடும். போகாமல் என்ன செய்யும்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

என்னிடம் கேட்டால், கையில் நூறு ரூபா இருந்தால் ஐம்பதை ஆளுக்கு ஒதுக்குவேன். இருபத்தைந்து அறைக்கும் கூரைக்கும். மீதிதான் புத்தகத்துக்கு. மூன்று வருடச் சம்பளம் வங்கியில் சேர்ந்த பிறகு முதல் புத்தகத்தை வாங்குங்கள். இதைச் சொன்னால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது. சம்பளத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியாது அல்லவா?

நேரத்தையும் யோசியுங்கள். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. நடந்து வந்து, சாப்பிட்டு, உடுப்பு மாற்றினால் இரண்டரை. அம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்து சேர ஐந்தாகிவிடும். அந்த இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. நூலகத்தின் நேரம் அதுதான். காலையில் ஒன்பதுக்குத் திறந்து மாலை நாலுக்கு மூடுகிற அலுவலக நேரம் பத்திரிகை வாசிக்க வருகிற பெரியவர்களுக்குத்தான் சரி.

கட்டடம் கட்டாதீர்கள், தம்பி. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, நிலம் அரசுடையது. புதிதாக ஒரு கல் வைப்பதற்கே எத்தனையோ கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே இருக்கிற இடத்தைத் தேடுங்கள். பாவிக்காமல் விட்ட பழைய பிள்ளைக் காம்பரா (அம்மாமார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விடுகிற அறை), கோயில் மண்டபத்தின் ஒரு பக்கம், பாடசாலையின் பழைய வகுப்பறை, எதுவானாலும் சரி. துரையிடம், அதாவது தோட்ட மானேஜரிடம், அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு அனுமதி, அடுத்த துரை வரும்வரைதான் செல்லும். அறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டு, மண் மேட்டின் அடியில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிறது. கூரைத் தகரம் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

இனிப் புத்தகம். முன்பின் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் சேர்ப்பது, கால் அளவு கேட்காமல் செருப்பு வாங்குவது மாதிரி. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வருமான வரிச் சட்டம், பனிச்சறுக்கு வழிகாட்டி, காலாவதியான கணினிப் பாடம் எல்லாம் வந்தன. பனிச்சறுக்குப் புத்தகத்தில் படங்கள் நன்றாகத்தான் இருந்தன, அதைப் பையன்கள் விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான்காம் தரத்துப் பிள்ளை கையில் எடுத்து, தானே வாசித்து முடித்து, இன்னொன்று வேண்டும் என்று வருவது தமிழ்ப் புத்தகத்துக்குத்தான். ஆங்கிலத்தில் அனுப்புவதென்றால் மெல்லிய படப் புத்தகங்கள், பக்கத்துக்கு ஒரு வரி இரண்டு வரி இருப்பவை, ஒரு பெட்டி போதும். மீதிக் கப்பல் செலவைக் காசாக அனுப்புங்கள்.

காசு இருந்தால் இங்கேயே வாங்கலாம். கொழும்பில் செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும், அங்கே விலைக்கழிவு கிடைக்கும். ரூம் டு ரீட் நிறுவனம் 2005 முதல் இலங்கையில் வேலை செய்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் படப் புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறார்கள், அவற்றில் நம் ஊர் முகமும் நம் ஊர் மழையும் இருக்கும். சென்னையில் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற புத்தகங்கள் போடுகிறது. சிங்களத்துக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். கீழே நாட்டிலிருந்து, அதாவது பக்கத்துக் கிராமங்களிலிருந்து, சிங்களப் பிள்ளைகள் வருவார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்ப நம் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை.

அப்பாவின் பெயரைத் தாராளமாக வையுங்கள். ஆனால் கல்லில் வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் சின்னதாக ஒரு முத்திரை குத்துங்கள். அவர் தோட்டத்தின் எந்த டிவிஷனில், என்ன வேலை செய்தார் என்று ஒரு வரியும் சேருங்கள். புத்தகத்தோடு அந்தப் பெயர் எல்லாக் காம்பராவுக்கும் போய் வரும்.

கேள்வி: நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து எங்கள் தோட்டத்தில் சிறிய நூலகம் நடத்துகிறோம். வீட்டுக்குக் கொடுக்கிற புத்தகங்கள் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு வருகின்றன. சில வருவதேயில்லை. இனி இங்கேயே இருந்து வாசிக்கட்டும் என்று முடிவெடுக்கலாமா?
– தலவாக்கலை வாசகி

பதில்: வேண்டாம் மகள். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற நம் தமிழர் ஒருவர்தான் இந்தியாவில் நூலகத்துறையை வளர்த்தெடுத்தவர். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுக்க நூலகத்துறையில் படிக்கிறார்கள். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். பாதுகாப்பு அதற்குப் பிறகு.

நீங்களும் லயத்தில் வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஒரு புத்தகத்துக்கு எங்கே இடம்? ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் ஈர உடுப்பு, அப்பால் அடுப்புப் புகை, காலடியில் எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற தம்பி. புத்தகம் கிழிவதற்கு இடநெருக்கடிதான் காரணம். அதற்கு ஒரு வழி செய்யுங்கள். நாங்கள் புத்தகத்தோடு ஒரு பையும் கொடுக்கிறோம். கோதுமை மாவுச் சாக்கை வெட்டி, அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டுகிற, தண்ணீர் இறங்காத படங்கின் துண்டு ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தால் மழை புகாது. மாதர் சங்கத்துப் பெண்கள் தைத்துத் தந்தார்கள். உரச் சாக்கைத் தொடாதீர்கள், கழுவினாலும் மருந்து போகாது. உள் காம்பராவில் தம்பிக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணி அடித்துப் பையை மாட்டச் சொல்லுங்கள். இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், வேண்டாம், சாரல் அடிக்கும்.

தண்டப்பணம் வேண்டவே வேண்டாம். பத்து ரூபா தண்டம் என்றால் புத்தகமும் வராது, பிள்ளையும் வராது. இரண்டு வாரம் தாண்டினால் நீங்களே வீட்டுக்குப் போங்கள். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மெதுவாகக் கேளுங்கள். ஒரு முறை அப்படிப் போனபோது புத்தகம் பாட்டியின் தலையணைக்கடியில் இருந்தது. பேத்தி ஒவ்வொரு இரவும் ஒரு கதை வாசித்துக் காட்டுகிறாளாம், இன்னும் முடியவில்லையாம். அதைப் பிடுங்கிக்கொண்டு வருவேனா? பதிவேட்டில் திகதியைத் தள்ளி எழுதிவிட்டு வந்தேன்.

கிழிந்ததைத் தைக்கப் பழகுங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், பக்கத்தோடு உரிந்து வரும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழிசலின் மேல் வைத்து பைண்டர் கம்மை இலேசாகத் தடவினால் போதும். கழன்ற அட்டைக்கு முதுகுப் பக்கம் ஊசி நூல். எட்டாம் ஒன்பதாம் தரத்துப் பையன்களை இதற்கு விடுங்கள். தன் கையால் தைத்த புத்தகத்தை அவன் வேறு யாரையும் கிழிக்க விடமாட்டான். ஒரே புத்தகம் திரும்பத் திரும்பக் கிழிகிறதா? அதில் இன்னொரு பிரதி வாங்குங்கள். வருடம் முழுக்கப் புதிது போலவே இருக்கிற புத்தகத்தை எடுத்து, அதை ஏன் வாங்கினோம் என்று யோசியுங்கள்.

கேள்வி: பிள்ளைகளிடம் மாதச் சந்தா வாங்கலாமா? சிறிய தொகைதான்.
– இராகலை வாசகர்

பதில்: வாங்காதீர்கள். சம்பள நாள் தள்ளிப்போகிற வீட்டில் எது சிறிய தொகை என்று நாம் முடிவு செய்ய முடியாது. வசதியுள்ளவர்கள் கொடுப்பதற்கு ஓர் உண்டியல் வையுங்கள், பிள்ளைகளின் கண்ணில் படாத இடத்தில்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் எல்லாப் புத்தகத்திலும் பூஞ்சணம். அலுமாரியைத் திறந்தாலே ஒரு வாடை. வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடுகிறது. அந்துருண்டை போட்டுப் பார்த்தோம். வேறு என்ன செய்யலாம்?
– கந்தப்பளை வாசகர்

பதில்: முதலில் அந்துருண்டையை எடுத்து எறியுங்கள். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும், நஞ்சு. அந்தக் காற்றைச் சுவாசிப்பதும் நல்லதில்லை. போதாததற்கு, அது பூச்சிக்குத்தான். பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது.

காற்றில் ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். உங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் அதற்கு மேல்தான். ஆகவே போரை மருந்தால் நடத்தாதீர்கள், காற்றோட்டத்தால் நடத்துங்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியின் கதவைக் கழற்றிவிடுங்கள். ஈரம் உள்ளே அடைபட்டுக் கிடப்பதுதான் வாடைக்குக் காரணம். தட்டுகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், வெளிச்சுவர்ப் பக்கம் வைக்கவே வேண்டாம். கீழ்த் தட்டு தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்கட்டும். சீமெந்துத் தரை குடிக்கிற ஈரத்தை நம்ப முடியாது. புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள், விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். மழை இல்லாத நாளில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், மூட்டம் இறங்கினால் மூடிவிடுங்கள். நம் மேற்குப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், பதுளைப் பக்கம் வருட முடிவில்தான் பெரிய மழை. உங்கள் மழைக்கு முன்பாகவே கூரையைப் பாருங்கள்.

பிடித்துவிட்ட புத்தகத்தை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்துவிடுங்கள். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில், விசிறி போல் விரித்து நிற்க வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சணம் தாளுக்குள் இறங்கிவிடும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள், இழுப்பு உள்ள பிள்ளையை இந்த வேலைக்கு விடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வாங்கினால் வெள்ளை மணியாகப் பார்த்து வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குச் சரிவராது.

வெள்ளிப்பூச்சியும் புத்தகப் பூச்சியும் இருந்தால், புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் டீப் ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் தாளில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். டவுனில் ஐஸ்கிரீம் விற்கிற முதலாளி ஒருவரிடம் இதற்கு இடம் கேட்டேன். முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போது புத்தகம் வந்ததா என்று அவரே கேட்கிறார். வேப்பிலை வைக்கலாம் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் நம் குளிருக்கு வேம்பு எங்கே வருகிறது? வவுனியாவிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகன் அடுத்த வருடம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறான். நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் கொண்டுவந்தால் அவனுடைய அப்பா ஏசுகிறார். கடந்தகால வினாத்தாளைச் செய்யட்டும் என்கிறார். நான் என்ன சொல்வது?
– பசறை வாசகி

பதில்: தங்கச்சி, அவர் மகனின் மேலுள்ள அக்கறையில் சொல்கிறார், அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். வினாத்தாளில் ஒரு பந்தியைக் கொடுத்து அதை விளங்கிக்கொண்டாயா என்றுதானே கேட்கிறார்கள்? கதை வாசிக்கிற பிள்ளை கேள்வியை ஒரு தடவையில் விளங்கிக்கொள்ளும். வாசிக்காத பிள்ளை கேள்வியையே மூன்று தடவை வாசிக்கும், அதற்குள் நேரம் போய்விடும். மகனை இன்று இரவு அப்பாவுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், சிரிப்புக் கதையாக இருக்கட்டும். மற்றதை அவரே முடிவு செய்வார். என் மேசையில் அப்பாமார்களின் பெயரிலும் நூலக அட்டைகள் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் நூலகத்துக்கு உதவுகிற வெளிநாட்டுக் குழு ஒன்று ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைப் பொதியோடு நிறுத்திப் படம் கேட்கிறது. ‘கொஞ்சம் ஏழ்மை தெரிகிற மாதிரி’ என்றும் சொல்கிறார்கள். மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்று பயம்.
– ஹட்டன் வாசகர்

பதில்: நின்றால் நிற்கட்டும். எங்களுக்கும் ஒரு தடவை நின்றது. அந்த வருடம் புதுப் புத்தகம் வாங்கவில்லை, பழையதைத் தைத்து ஓட்டினோம். பிள்ளைகளின் வரவு குறையவில்லை.

படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பின்னாலிருந்து எடுக்கலாம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முகமும் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஒரே இடத்தில் வரக் கூடாது. கிழிந்த உடுப்பைத் தேடி எடுக்கிற படத்தை அந்தப் பிள்ளை பெரியவளாகி ஒரு நாள் பார்க்கும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். நல்ல மனிதர்களாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையில் விளங்கிக்கொள்வார்கள்.

படத்துக்குப் பதிலாக மாதம் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். இந்த மாதம் அதிகம் எடுக்கப்பட்ட புத்தகம் எது, எந்தப் புத்தகத்துக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், எதை ஒருவரும் தொடவில்லை, கூரை எங்கே ஒழுகுகிறது. இதை விரும்பி வாசிக்கிற குழுதான் உங்களோடு நீண்ட நாள் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளூராரோ வெளிநாட்டாரோ, எத்தனை பெரிய கொடையாளியானாலும் சரி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெரியவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. எங்கள் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

கேள்வி: லண்டனில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்கென்று சிறிய நூலகம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். என் பெற்றோர் பண்டாரவளைக்காரர்கள். சிக்கல் என்னவென்றால், பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதேயில்லை. தமிழ் பேசினால் விளங்குகிறது, வாசிக்கத்தான் வராது. டேப்லட்டில் கொடுத்தால் வாசிப்பார்களா?
– ஹரோ வாசகி

பதில்: கருவியில் கொடுத்தாலும் எழுத்து அதே எழுத்துதானே. வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் வாசி என்று புத்தகத்தைக் கொடுத்தால் அது பரீட்சை. இங்கும் முதலாம் தரத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் முதல் ஆளாக வந்து பாயில் உட்காருவது அவர்கள்தான். ஏனென்றால் நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பெரிய படங்கள் உள்ள ஒரே புத்தகத்தை நான்கு வாரம் தொடர்ந்து வாசியுங்கள். உங்களுக்குத்தான் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது. மூன்றாவது வாரம் ஒரு சொல்லில் நிறுத்துங்கள், பிள்ளைகளே முடிப்பார்கள். அப்புறம் என்ன நடக்கும் என்று கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். திருத்தாதீர்கள். நீங்கள் தமிழில் தொடருங்கள். முடிந்ததும் சொல்வதெழுதல் வைத்துக் காரியத்தைக் கெடுக்காதீர்கள், அது வகுப்பறையில் இருக்கட்டும். புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய வையுங்கள். தாத்தா பாட்டி யாராவது பிள்ளைகளைக் கூட்டிவந்து காரில் காத்திருந்தால், அவர்களை உள்ளே அழைத்துக் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள்.

டேப்லட்டைவிட அச்சு இயந்திரம் பிரயோசனம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் இருக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். எழுதியவர், வரைந்தவர் பெயர்களை அப்படியே வைத்தால் இறக்கி அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். திறந்த உரிமத்தில் விட்டிருக்கிறார்கள். கடையில் வாங்கிய புத்தகத்தை முழுதாகப் பிரதி எடுப்பது வேறு விஷயம், அது எழுதியவரின் உழைப்பைத் திருடுவது.

உங்கள் நாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு டிபிஎஸ் என்ற பின்னணிச் சோதனை உண்டு அல்லவா? நூலகத்துக்கு வருகிற தொண்டர்களுக்கும் அதைச் செய்யுங்கள், தெரிந்த மாமாதானே என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளோடு காணொளியில் கதைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மழை வந்தால் இங்கே சிக்னல் போய்விடும். கடிதம் எழுதச் சொல்லுங்கள், ஆங்கிலம் கலந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வாசிக்க ஒரு சாட்டு வேண்டும்.

கேள்வி: என் தாத்தாவும் பாட்டியும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். கோத்தகிரிப் பக்கம் எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுவர் நூலகம் நடத்துகிறேன். மலையகம் பற்றிய புத்தகங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். என்ன வாங்குவது, எப்படி வாங்குவது?
– நீலகிரி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இங்கே பெரிய பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘அங்கேயும் நம்ம ஆட்களா?’ என்று ஒரு பையன் கேட்டான். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான ஒப்பந்தம், நம் இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டது, தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், உங்கள் மலைகளில் வந்தவர்களுக்காக அரசே தேயிலை நட்டது என்று எல்லாம் சொன்னேன். பாடப் புத்தகத்தில் வாசித்து வருகிற கேள்வி இல்லை அது. ஆகவே பதிலும் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, அன்றைக்குக் கதை நேரம் இல்லை.

வாசிப்பதற்கு, ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தில் தொடங்குங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறார்கள், மலையகத்துக்கும் நிறைய இருக்கிறது, காசு இல்லை. சி.வி. வேலுப்பிள்ளையைத் தேடுங்கள். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்தவரும் அவர்தான். தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகள் பெரிய பிள்ளைகளுக்கு ஆகும். ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளை தானே எடுத்து வாசிக்கிற மாதிரி மலையகத்தைப் பற்றிய படப் புத்தகங்கள் குறைவு. 2023இல் நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அதைப் பற்றி ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க என் தட்டில் ஒன்றும் இல்லை.

அதனால் நாங்களே செய்கிறோம். ஏ4 தாளை மடித்து நடுவில் நூல் போட்டுத் தைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பிள்ளை வீட்டில் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு வரும். உங்கள் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது? முதல் நாள் கொழுந்துக் கூடை கட்டியபோது என்ன நடந்தது? அதை அந்தப் பிள்ளையே எழுதி, படம் வரையும். அட்டைக்குப் பழைய காலண்டர். பின் அட்டையில் சொன்னவரின் பெயர், எழுதியவரின் பெயர். மற்றப் புத்தகங்களைப் போலவே இதற்கும் பதிவு இலக்கம் கொடுத்துத் தட்டில் வைக்கிறோம். அதிகம் இரவல் போவதும் இவைதான்.

உங்கள் பாட்டி இருக்கிறார்களா? இருந்தால் தாமதிக்காமல் தொடங்குங்கள். கப்பலில் என்ன கொண்டுவந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயரை அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதிவிட்டு, ஆங்கிலப் பெயரும் தெரிந்தால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இங்கே நாங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி செய்து ஒன்றை எனக்கு அனுப்புங்கள், முகவரியை ஆசிரியர் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தோட்டம் பொகவந்தலாவைக்குப் பக்கத்தில் என்றால், என் பெரிய பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்து, இப்போது அந்த லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி உங்களுக்கு ஒரு புத்தகம் அனுப்புவார்கள். அந்தப் பையன் இப்போதே பெயர் கொடுத்துவிட்டான்.